ராக்காயியின் புருசன்

விசுவமடுக் கமலேஸ்வரியைத் தெரியாதவர்கள் வன்னியில் நிறையப் பேர். செட்டிகுளம் ராக்காயியைத் தெரியாதவர்களைத்தான் தேடிப் பிடிக்க வேண்டும். வானொலி பாடுகிற வீடுகளில் எல்லாம் ராக்காயியின் பேச்சு உண்டு. கனடாவிலும் சுவிஸிலும் இருக்கிற சனம்கூடக் கைபேசியில் ராக்காயியைக் கேட்டுவிட்டுத்தான் வேலைக்குப் போகிறதாம். இந்த இரண்டு பேரும் ஒரே ஆள்தான் என்பது மட்டும் வெளியில் யாருக்கும் தெரியாமல் இருந்தது. கமலேஸ்வரியின் புருசனுக்கும் தெரியாது. வில்லங்கம் அங்கேதான் வந்தது.

கமலேஸ்வரிக்கு வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. வேலை தையல். பள்ளிக்கூடச் சட்டையும் சாறிச் சட்டையும் தைப்பாள். அவளுடைய தையலைப் பற்றி ஊரில் இரண்டு விதமான அபிப்பிராயம் உண்டு. வாயைப் பற்றி ஒரே அபிப்பிராயம்தான். புருசன் சிவராசா குளத்துக்குக் கீழே வயல் செய்கிறவர். அவர் வாயில் எந்நேரமும் வெற்றிலை இருக்கும். வெற்றிலை இல்லாவிட்டாலும் அந்த வாயிலிருந்து பெரிதாக எதுவும் வந்துவிடாது. கேட்டால் ஓம், இல்லை. கேட்காவிட்டால் அதுவும் இல்லை.

போர் முடிந்த கையோடு அவர்கள் செட்டிகுளம் அகதி முகாமில் இருந்த காலத்தில் கூடாரத்துக்கும் கூடாரத்துக்கும் இடையில் துணிதான் சுவர். ஒரு பக்கம் நாயாற்றுக் கடற்கரைச் சனம், மறு பக்கம் மன்னார்ச் சனம், எதிரே முல்லைத்தீவு வாத்தியார் குடும்பம். தண்ணீர் வரிசையில் நின்று நின்று எல்லோருடைய பேச்சும் கமலேஸ்வரியின் நாக்கில் ஒட்டிக்கொண்டது. ஊருக்குத் திரும்பிய பிறகு, சட்டை தைக்க வருகிற பெண்களுக்கு அந்த முகாமையே ஒற்றை ஆளாக நடித்துக் காட்டுவாள். அளவெடுக்க வந்தவர்கள் சிரித்துக் குலுங்குவதால் அளவு பிழைப்பதும் உண்டு.

பாலை எப்.எம். தொடங்கிய கதையையும் சொல்லியாக வேண்டும். சுவிஸிலிருந்து வந்த ஒருவர், வன்னிக்கென்று ஒரு வானொலி இல்லையே என்று உருகி, பரந்தன் சந்திக்குக் கிட்ட ஒரு சீமெந்துக் கடையின் மேல்மாடியை வாடகைக்கு எடுத்தார். தெருவில் நிலையத்தின் பெயரோடு பெரிய போட் நட்டார். விளம்பரம் கொட்டும் என்று எதிர்பார்த்தார். கொட்டவில்லை. உருக்கம் தீர்ந்ததும் திரும்ப விமானம் ஏறிவிட்டார். அவர் விட்டுவிட்டுப் போனவை ஒரு மைக், ஒரு கம்பியூட்டர், செந்தூரன். இந்தச் செந்தூரன்தான் அறிவிப்பாளர், அவனே விளம்பரம் பிடிக்கிறவன், காலையில் கூட்டுகிறவனும் அவனே.

தொடங்கிய புதிதில் செந்தூரன் மைக்குக்கு முன்னால் படாத பாடு பட்டான். "நேயர்களே, எடுங்கோ, எங்கட இலக்கம் உங்களுக்காகக் காத்திருக்குது" என்று கெஞ்சுவான். ஒருவரும் எடுக்க மாட்டார்கள். பாட்டைப் போடுவான். திரும்பவும் கெஞ்சுவான். மிசினுக்குப் பக்கத்தில் றேடியோவை வைத்துக்கொண்டு தைக்கிற கமலேஸ்வரிக்கு இந்தக் கெஞ்சலைக் கேட்கக் கேட்கத் தையல் ஓடவில்லை. எடுத்தாள். பெயரைச் சொல்லி ஒரு பாட்டுக் கேட்டாள். பையன் அழாத குறையாக நன்றி சொன்னான்.

பாட்டு முடிந்ததும் பழையபடி கெஞ்சத் தொடங்கிவிட்டான். இரண்டாம் தரமும் தானே எடுத்தால் வேலையில்லாதவள் என்று நினைப்பார்களே என்று யோசித்தாள். தொண்டையைச் செருமினாள்.

"தம்பி, வணக்கமுங்க. நான் செட்டிகுளத்துலேருந்து ராக்காயி பேசுறேன்."

ராக்காயி பிறந்தது அப்படித்தான். அன்றைக்கே நாயாற்றிலிருந்து புதுப் பெண்சாதி மேனுகா பிறந்தாள். அந்தி படுவதற்குள் முல்லைத்தீவிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியை விமலேஸ்வரியும் பிறந்து, செந்தூரனுடைய லகர ளகர உச்சரிப்பைக் கண்டித்துவிட்டுத் தொலைபேசியை வைத்தா.

செந்தூரன் மடையன் இல்லை. அவனுக்கு முன்னால் இருக்கிற தொலைபேசியில் அழைக்கிறவரின் இலக்கம் விழும். செட்டிகுளம், நாயாறு, முல்லைத்தீவு எல்லாம் ஒரே இலக்கத்திலிருந்து வந்தன. அவன் வாயைத் திறக்கவில்லை. மறுநாள் காலை மைக்கில் ஒரு பெருமூச்சு விட்டான். "நாயாறுப் பக்கம் இண்டைக்கு ஒருதரையும் காணேல்லை" என்றான். ஒரு பாட்டு முடிவதற்குள் மேனுகா லைனில் வந்தாள். அதற்குப் பிறகு இரண்டு பேருக்கும் இடையில் ஒரு வார்த்தைகூடப் பேசாமலே ஒப்பந்தம் ஆகிவிட்டது.

இன்னொருத்திக்கும் உண்மை தெரிந்தது. பக்கத்து வளவுத் தங்கம்மா. அவளுடைய தாய் தகப்பன் மலைநாட்டுத் தோட்டத்திலிருந்து வந்து விசுவமடுவில் காடு வெட்டிக் குடியேறியவர்கள். ராக்காயியின் பேச்சு யாரிடமிருந்து எடுத்தது என்பது தங்கம்மாவுக்கு முதல் நாளே விளங்கிவிட்டது. வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தாள்.

"பேசுறதுதான் பேசுறீங்க, ஒழுங்காப் பேசுங்க. எங்க பேச்சு ஒங்க வாயில நொண்டுது" என்றாள்.

கமலேஸ்வரிக்கு முகம் சிவந்து போனது. மன்னிப்புக் கேட்கப் போனாள். தங்கம்மா அதைக் காதில் வாங்கவில்லை. "அவள அழுமூஞ்சியா ஆக்கிறாதீங்க. எதுத்துப் பேசுறவளா ஆக்குங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். அன்றிலிருந்து ராக்காயியின் பேச்சைத் திருத்துகிற பொறுப்பைத் தங்கம்மா எடுத்துக்கொண்டாள்.

ராக்காயி எதிர்த்துப் பேசினாள். காலைச் சாப்பாட்டுக்குத் தேங்காய் ரொட்டிக்கு நிகர் எதுவுமில்லை என்று ஒருநாள் சொன்னாள். உடனே டீச்சர் விமலேஸ்வரி லைனில் வந்து, பிட்டு அவித்துச் சாப்பிடாத குடும்பத்தில் ஒழுக்கம் வளராது என்றா. ராக்காயி விடவில்லை. பிட்டு அவிக்கிற நேரத்தில் தான் ஒரு ஏக்கர் களை பிடுங்கிவிடுவேன் என்றாள். இந்தச் சண்டை பற்றி எரிந்தது. தேநீர்க் கடைகளில் ரொட்டிக் கட்சி, பிட்டுக் கட்சி என்று பிரிந்து உட்கார்ந்தார்கள். சும்மா கிடந்த இலக்கத்துக்கு உண்மையான நேயர்களும் எடுக்கத் தொடங்கினார்கள். கிளிநொச்சியில் பெரிய புடவைக்கடை வைத்திருக்கிற கதிர்காமநாதன் முதலாளி அந்த நிகழ்ச்சிக்கு விளம்பரம் தந்தார். நிலையம் மூச்சு விட்டது.

ஆனால் ராக்காயியை ராக்காயி ஆக்கியது ரொட்டி இல்லை. அவளுடைய புருசன். 'எங்க ஆளு' என்று அவள் தொடங்கினால் வயலில் நிற்கிறவனும் மண்வெட்டியை ஊன்றிவிட்டுக் கேட்பான்.

"எங்க ஆளு பேசவே மாட்டாருங்க தம்பி. ஒரு நா வீட்டுக்குள்ள பாம்பு வந்துருச்சு. நான் அதுக்கு நேரா நடந்து போறேன். மனுசன் கூப்புடலியே. தோள்ல தட்டுனாரு. திரும்புனா வெரல நீட்டிக் காட்டுறாரு."

அதைவிடப் பெயர் போனது பெற்றோல் செட் கதை. "டவுனுக்குப் போயிட்டு மோட்டார் சைக்கிள்ல வந்துக்கிட்டிருந்தோம். பெட்ரோல் போட நிப்பாட்டுனாரு, நான் எறங்கி நின்னேன். போட்டாரு, ஏறுனாரு, போயிட்டாரு. நான் அங்கனயே நிக்கிறேன். எத்தனையோ மைல் கட்டை தாண்டித்தான் திரும்பிப் பாத்துருக்காரு. அதுலயும் பாருங்க, போற வழியில என்னமோ பேசிக்கிட்டே போனாராம். வாழ்க்கையில ஒரே ஒரு நா வாயத் தொறந்து பேசுனாரு. அன்னைக்குன்னு நான் பின்னால இல்ல."

இந்தக் கதைகளில் ஒரு சொல்லும் கற்பனை இல்லை. ஊரை மட்டும்தான் மாற்றியிருந்தாள். வன்னி முழுக்க விழுந்து விழுந்து சிரித்தது சிவராசாவைப் பார்த்துத்தான்.

சிவராசாவும் சிரித்தார். வயல் வரம்பில் ஒரு மரக்கிளையில் சின்ன றேடியோவைத் தொங்கவிட்டுக்கொண்டு வேலை செய்கிறவர் அவர். பெற்றோல் செட் கதை போன அன்று வீட்டுக்கு வந்து, கைகால் கழுவாமலே குசினி வாசலில் நின்றார்.

"கேட்டனீரோ? செட்டிகுளத்திலயும் ஒரு மனுசன் பெண்சாதியை செட்டில விட்டிட்டுப் போயிருக்கிறான். நான் மட்டுமில்லை" என்றார்.

அவ்வளவு நீளமாக அவர் பேசிக் கனகாலம். முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. கமலேஸ்வரி சட்டியைக் கிளறினாள். "ஓம், உங்களை மாதிரி எல்லா இடத்திலயும் இருக்கினம்" என்றாள். அதற்குப் பிறகு ராக்காயியின் புருசன் சிவராசாவுக்குச் சொந்தக்காரன் மாதிரி ஆகிவிட்டார். பாம்புக் கதைக்கு, "எங்கட வீட்டையும் வந்ததெல்லே" என்றார். ராக்காயி கொஞ்சம் கூடுதலாகப் போட்டுத் தாக்குகிற நாட்களில், "பாவம் அந்த மனுசன்" என்று தலையை ஆட்டினார். அந்தச் சொல்லைக் கேட்கிறபோதெல்லாம் கமலேஸ்வரி அவருக்கு இன்னொரு அகப்பை சோறு போடுவாள். அடுத்த நாளிலிருந்து இதை நிறுத்திவிட வேண்டும் என்று நினைப்பாள். அடுத்த நாள் செந்தூரன் மைக்கில் பெருமூச்சு விடுவான். நாக்கு நிற்காது.

இப்படியே போய்க்கொண்டிருந்திருக்கும். கதிர்காமநாதன் முதலாளிக்கு ஆசை வந்தது. நிலையத்தின் ஆண்டு நிறைவுக்கு நேயர் சந்திப்பு வைக்க வேண்டும், ராக்காயியையும் டீச்சரையும் மேடையில் ஏற்றிக் கைகுலுக்க வைத்துத் தன் கடைச் சாறியைக் கொடுக்க வேண்டும், அதை நேரடியாக ஒலிபரப்ப வேண்டும். இல்லையென்றால் விளம்பரம் இல்லை.

செந்தூரன் விசுவமடுவுக்கு ஓடி வந்தான். குரலில் மட்டும் தெரிந்த இரண்டு பேரும் அன்றைக்குத்தான் முகம் பார்த்தார்கள்.

"அக்கா, முதலாளி விளம்பரத்தை நிப்பாட்டினா மைக்கைக் கழட்டி வைச்சிட்டு நான் சீமெந்து மூட்டை ஏத்தத்தான் போகவேணும்" என்றான்.

"தம்பி, மெதுவாக் கதையும். மனுசன் பின்னால நிக்கிறார்."

நிலையம் மூடப்படுவது செந்தூரனின் பயம். கமலேஸ்வரியின் பயம் அது இல்லை. ராக்காயி யார் என்று தெரிந்தால் ராக்காயியின் புருசன் யார் என்பதும் தெரிந்துவிடும். தெருவில் போகிற சின்னப் பிள்ளைகூடச் சிவராசாவைக் கண்டு பாம்பைக் காட்டுகிற மாதிரி விரலை நீட்டும். அந்த மனுசன் அதைக் கேட்டு ஒன்றும் சொல்ல மாட்டார். ஒன்றும் சொல்ல மாட்டார் என்பதுதான் அவளால் தாங்க முடியாதது.

கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். டீச்சர் மகளின் பிள்ளைப்பேற்றுக்குக் கனடா போய்விட்டா. ராக்காயி வரம்பில் சறுக்கிக் காலை முறித்துக்கொண்டாள். இரண்டு பேரும் தொலைபேசியில் மண்டபத்துக்குப் பேசுவார்கள். கமலேஸ்வரி வீட்டிலிருந்தே பேசிவிடலாம்.

அதற்குள் சிவராசா முன்பக்கம் வந்துவிட்டார். அறிவிப்பாளரின் குரலை அடையாளம் கண்டதும் வெற்றிலையைத் துப்பிவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றார்.

"தம்பி, நேயர் சந்திப்புக்கு ராக்காயியின்ர மனுசனும் வருவாரோ?"

செந்தூரன் கமலேஸ்வரியைப் பார்த்தான். அவள் துணியைப் பார்த்தாள்.

"வருவார் போலதான் ஐயா" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டான்.

"அப்ப நாங்களும் வாறம். அந்த மனுசனோட ஒரு பிளேன்ரீ குடிக்கவேணும்."

கமலேஸ்வரி தலையிடி என்றாள், தைக்க வேலை கிடக்கிறது என்றாள், வெயில் என்றாள். ஒன்றும் எடுபடவில்லை. சந்திப்பன்று சிவராசா கலியாண வீடுகளுக்கு மட்டும் போடுகிற சேட்டைத் தானே எடுத்து இஸ்திரிப் பெட்டியால் மினுக்கிப் போட்டுக்கொண்டு, மோட்டார் சைக்கிளுக்குப் பக்கத்தில் தயாராக நின்றார்.

கிளிநொச்சி மண்டபம் பின்னேரமே நிரம்பிவிட்டது. ரொட்டிக் கட்சி ஒரு பக்கம், பிட்டுக் கட்சி மறு பக்கம். முதலாளி மேடையில் இரண்டு சாறிப் பெட்டிகளோடு சிம்மாசனத்தில் இருக்கிற மாதிரி இருந்தார். ராக்காயிக்குக் கால் முறிந்த செய்தியைச் செந்தூரன் அறிவித்ததும் மண்டபமே உச்சுக் கொட்டியது. சிவராசாவுக்கு முகம் வாடிவிட்டது. கால் முறிந்தவளை விட்டுவிட்டுப் புருசன் எப்படி வருவான்? கமலேஸ்வரி, "நான் பின்பக்கம் போட்டு வாறன்" என்று மெல்ல எழுந்தாள்.

மண்டபத்துக்குப் பின்னால் ஒரு தண்ணீர்த் தாங்கி நின்றது. அதன் மறைவில் நின்றுதான் பேசினாள். முதலில் மூக்கைப் பிடித்துக்கொண்டு கனடாவிலிருந்து டீச்சராகப் பேசினாள். அங்கே குளிர் என்றா டீச்சர். ரொட்டியும் ஓரளவு உணவுதான் என்று ஒத்துக்கொண்டா. மண்டபம் அதிர்ந்தது. பிறகு மூக்கை விட்டுவிட்டு ராக்காயி ஆனாள். சனம் பெற்றோல் செட் கதையைத்தான் கேட்டது. அவளும் உற்சாகத்தில் தொடங்கிவிட்டாள்.

இதற்கிடையில் சிவராசாவுக்கு வாயில் வெற்றிலைச் சாறு நிறைந்துவிட்டது. மண்டபத்துக்குள் துப்ப முடியுமா? பின்பக்கம் வந்தார். வந்தவருக்கு ராக்காயியின் குரல் இரண்டு இடத்திலிருந்து கேட்டது. ஒன்று உள்ளே ஒலிபெருக்கியில். மற்றது தண்ணீர்த் தாங்கிக்குப் பின்னால். சுற்றிக்கொண்டு போய்ப் பார்த்தார்.

"வாழ்க்கையில ஒரே ஒரு நா வாயத் தொறந்து..." என்று சொல்லிக்கொண்டிருந்த கமலேஸ்வரி நிமிர்ந்தாள்.

புருசன் நின்றார். மினுக்கிய சேட்டோடு, கன்னத்தில் வெற்றிலையோடு. அவர் முகத்தில் பாம்புக் கதையும், பெற்றோல் செட்டும், இன்னும் அவள் சொன்ன அத்தனையும் ஒவ்வொன்றாக விளங்கிக்கொண்டு போவதை அவள் பார்த்தாள். தான் இவ்வளவு நாளும் செய்தது என்ன என்று அந்த இடத்தில்தான் நெஞ்சில் குத்தியது. உள்ளே ஒலிபெருக்கி ஊமையாகிவிட்டது. "ஹலோ, ராக்காயி அக்கா, லைனில இருக்கிறீங்களோ?" என்று செந்தூரன் தவித்தான்.

சிவராசா வெற்றிலையைத் துப்பினார். கையை நீட்டினார். அவள் கைபேசியைக் கொடுத்தாள்.

"வணக்கம் தம்பி. நான் ராக்காயியின்ர புருசன் கதைக்கிறன்."

மண்டபத்துக்குள் எழுந்த ஆரவாரம் சுவருக்கு வெளியே வந்தது. அவர் பேச்சில் செட்டிகுளமும் இல்லை, மலைநாடும் இல்லை, அதை யார் கவனித்தார்கள்? முதலாளி செந்தூரனிடமிருந்து மைக்கைப் பறித்துவிட்டார்.

"ஐயா, உங்களைப் பற்றி அவா சொன்னதெல்லாம் உண்மையோ?"

"உண்மைதான்."

"பாம்பு?"

"பாம்புக்குக் கிட்ட நிண்டு கத்தக்கூடாது. அதுதான் தோளில தட்டினனான். பிறகு அவா கத்தின கத்தலிலதான் அது குசினிக்குள்ள ஓடினது."

சனம் சிரித்து உருண்டது. கமலேஸ்வரி தாங்கியில் சாய்ந்துகொண்டாள்.

"பெற்றோல் செட்?"

"விட்டிட்டுப் போனது என்ர பிழை." சிவராசா கைபேசியை மற்றக் காதுக்கு மாற்றினார். "எல்லாரும் அதைக் கேட்டுச் சிரிச்சனீங்கள். ஆரோ ஒருத்தன் எண்டு நினைச்சு நானும் சிரிச்சனான். ஆனா அண்டைக்கு நான் போகேக்க என்ன சொன்னனான் எண்டு ஒருதரும் கேக்கேல்லை. அவாவும் கேக்கேல்லை."

சிரிப்பு அடங்கிவிட்டது. மண்டபம் முழுக்கக் காதைத் தீட்டிக்கொண்டு இருந்தது. வயல்களிலும் கடைகளிலும் கனடாவிலும் அப்படித்தான் இருந்திருக்கும்.

"என்ன ஐயா சொன்னீங்கள்?" முதலாளியின் குரல் கெஞ்சியது.

"அது அவாவுக்குச் சொன்னது. உங்களுக்கில்லை."

கைபேசியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, முன்பக்கம் போய் மோட்டார் சைக்கிளைத் திருப்பி நிறுத்தினார். கமலேஸ்வரி கைபேசியைக் காதில் வைத்தாள். ராக்காயியும் வரவில்லை, டீச்சரும் வரவில்லை, அவளுடைய சொந்தக் குரலும் வரவில்லை. செந்தூரன் நிலைமையை விளங்கிக்கொண்டு ஒரு பாட்டைப் போட்டான். முதலாளிக்குக் கண் கலங்கிவிட்டதாம். விளம்பரத்தை இன்னும் ஒரு வருசத்துக்கு நீட்டி, அந்த மனுசனுக்கு ஒரு பட்டு வேட்டியும் எடுத்து வைத்தார் என்று பிறகு கேள்விப்பட்டார்கள்.

வீட்டுக்குத் திரும்புகிற வழியில் அதே செட் வந்தது. சிவராசா பெற்றோல் அடிக்க நிறுத்தினார். கமலேஸ்வரி பழக்கதோஷத்தில் ஒரு காலைக் கீழே வைத்தாள்.

"இறங்காதையும்" என்றார்.

காலை எடுத்துக்கொண்டு இருந்தாள். செட்டில் வேலை செய்கிற பெடியன் ஒரு மாதிரிப் பார்த்தான். அவர் அதைக் கவனிக்கவில்லை. அடித்து முடித்துப் புறப்பட்டார்கள். வயல்களுக்கு மேலால் வெயில் சாய்ந்து கிடந்தது. பரந்தன் சந்திக்குக் கிட்டப் பாலை எப்.எம். போட் தெரிந்தது. மழையிலும் வெயிலிலும் நிறம் வெளுத்திருந்தது. கமலேஸ்வரி அவர் முதுகில் மெல்லத் தட்டினாள்.

"இப்பச் சொல்லுங்கோ. பின்னாலதான் இருக்கிறன்."

சிவராசா முன்னாலேயே பார்த்துக்கொண்டு ஓட்டினார். சொல்ல மாட்டார் என்று அவள் நினைத்தாள்.

"அண்டைக்கு இந்தப் போட் புதுசு" என்றார். "உமக்கிருக்கிற வாய்க்கு நீர் இதுக்குள்ள போய்க் கதைச்சா நல்லா இருக்கும் எண்டு சொன்னனான். பதில் வரேல்லை. நீர் பதில் சொல்லாமல் இருக்கிற ஆள் இல்லையே. அதுதான் திரும்பிப் பாத்தனான்."

கமலேஸ்வரி ஒன்றும் சொல்லவில்லை. அவர் சேட்டின் பின்பக்கத்தைக் கையில் சுருட்டிப் பிடித்துக்கொண்டாள். சந்தி தாண்டியது. தேநீர்க் கடைகள் தாண்டின. கொஞ்சத் தூரம் போனதும் சிவராசா மோட்டார் சைக்கிளை மெதுவாக்கி, ஒரு தரம் திரும்பிப் பார்த்தார்.